அம்மாயிக்கு வராத மங்கல்

கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் தன் கண்ணைப் பற்றிப் பேச்செடுத்தால், முன்பெல்லாம் எனக்குப் பாயசம் இறங்காது. பேச்சு எங்கே போய் நிற்கும் என்று தெரியும். "புரை ஆபரேஷன் செய்துகொண்டேன். ஒரு வருஷம் பளிச்சென்று இருந்தது. இப்போது மறுபடியும் புரை வளர்ந்துவிட்டது. மட்டமான லென்ஸை வைத்துத் தள்ளிவிட்டார்கள்." இதைச் சேலத்தில் அம்மாப்பேட்டை மண்டபத்திலும் கேட்டிருக்கிறேன், அஸ்தம்பட்டி மண்டபத்திலும் கேட்டிருக்கிறேன். மருத்துவமனையின் பெயர் மட்டும் மாறும். சில சமயம் அதுவும் மாறாது. எடுத்த புரை மறுபடி வளராது. வளர்வதற்குப் பழைய லென்ஸ் அங்கே இல்லை. வைத்த லென்ஸும் அனேகமாக வைத்தபடி தெளிவாகவே இருக்கும். மங்கியிருப்பது அந்த லென்ஸைத் தாங்கி நிற்கும் சவ்வு, அதுவும் அவரவர் கண்ணில் பிறவியிலேயே இருந்த சவ்வு. லேசர் வைத்தால் சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடும். இதையெல்லாம் எடுத்துச் சொன்னால், "அந்த ஆஸ்பத்திரியில் உனக்கு யாராவது வேண்டியவர்கள் இருக்கிறார்களா?" என்று கேட்பார்கள்.

மாமாவின் கண் விவகாரத்துக்குப் பிறகு என் எரிச்சல் கொஞ்சம் இடம் மாறியிருக்கிறது. பந்தியில் அவர்கள் சொல்லும் காரணம் தப்புதான். ஆனால் அவர்களுக்கு ஒரு குறை இருக்கிறது, அது நியாயமான குறை என்று இப்போது தோன்றுகிறது. எழுதிப் பார்த்தால்தான் இது அடங்கும் போலிருக்கிறது.

வெள்ளி வெள்ளையான நாள்

மாமா என் அம்மாவின் தம்பி. சிவதாபுரத்தில் வீட்டின் முன்கட்டே பட்டறை. செவ்வாய்ப்பேட்டை வியாபாரிகளுக்குக் கொலுசு செய்து கொடுப்பார். கம்பியை வளைத்து, வளையத்தோடு வளையம் கோத்து, ஒவ்வொரு இணைப்பிலும் பொடி வைத்துப் பற்றவைக்கும் வேலை. ஒரு சாண் தூரத்தில் கண்ணை நிறுத்தி வாழ்நாள் முழுக்கச் செய்தவர். புரை முற்றிக்கொண்டிருந்த காலத்தில் அவருக்கு வந்த சந்தேகம் கண் மேல் இல்லை, வெள்ளி மேல். "கட்டியிலேயே கலப்பு, மஞ்சளடிக்கிறது" என்று வியாபாரியிடம் சண்டைக்குப் போய்விட்டார். பட்டறைப் பையன்களுக்கு மஞ்சள் தெரியவில்லை. அவரோ மெருகு போட்டதையே மறுபடியும் மெருகுக்கு அனுப்பினார்.

புரை முற்றும்போது லென்ஸ் மங்குவதோடு மஞ்சளாகவும் பழுப்பாகவும் நிறம் ஏறும். நீல ஒளி உள்ளே குறைவாகவே போகும். மெல்ல மெல்ல நடப்பதால் யாருக்கும் உறைக்காது. வலது கண்ணில் ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்ததும் மாமா செய்த முதல் காரியம், அத்தையின் கால் கொலுசைக் கழற்றி வாங்கியது. இடது கண்ணை மூடிப் பார்த்தார், வலது கண்ணை மூடிப் பார்த்தார். ஒரு கண்ணுக்கு வெள்ளி, இன்னொரு கண்ணுக்குப் பழைய பித்தளை. வீட்டுக்கு வந்தவர்களையெல்லாம் நிறுத்தி வைத்து இதைச் சொல்லிக் காட்டினார். வியாபாரியிடம் போய் மன்னிப்பும் கேட்டார் என்று அத்தை சொன்னார். மாமா அதை ஒப்புக்கொள்வதில்லை.

அதற்கு அடுத்தடுத்த தீபாவளிகளில் மாமா பட்டறையில் உட்காரும் இடம் மாறிக்கொண்டே வந்தது. முதலில் சன்னல் பக்கம் நகர்ந்தார். பிறகு பற்றவைக்கும் வேலையை ஒரு பையனிடம் கொடுத்தார். அதன்பின் தராசும் கணக்கு நோட்டும் மட்டும் அவரிடம் இருந்தன. "வயதாகிவிட்டது, இனிப் பிள்ளைகள் பார்க்கட்டும்" என்றார். மனிதர் ஒருவழியாக ஓய்வெடுக்கிறார் என்று நாங்கள் நம்பினோம். அத்தைக்கு அதில் சந்தோஷம்கூட.

லேடிஸ் சீட்

சித்திரை விடுமுறைக்குக் குடும்பமாக ஏற்காடு போயிருந்தோம். வெயிலுக்குத் தப்பி மேலே போகும் எல்லாச் சேலத்துக்காரர்களையும் போல, இருட்டியபின் லேடிஸ் சீட் முனையில் நின்று, எந்த ஊரிலிருந்து ஓடி வந்தோமோ அதே ஊரைக் கீழே பார்த்துக்கொண்டிருந்தோம். வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. மலைப்பாதையின் வளைவுகளில் வண்டி விளக்குகள் ஏறுவது தெரிந்தது. ஜங்ஷன் எது, ஐந்து ரோடு எது என்று பிள்ளைகள் வாதாடிக்கொண்டிருந்தார்கள். மாமா சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டு, "பனி இறங்கிவிட்டது, ஒன்றும் தெரியவில்லை, போகலாம்" என்றார். அவருடைய பேத்தி, "பனியே இல்லையே தாத்தா" என்றாள். மாமா சிரித்துவிட்டு மிளகாய் பஜ்ஜிக் கடைப் பக்கம் நடந்துவிட்டார்.

இறங்கும்போது அவர் முன்சீட்டில், நான் பின்னால். இருபது கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவிலும் எதிரே வண்டி திரும்பும்போது முகத்தை இடப்பக்கக் கண்ணாடிக்குத் திருப்பிக்கொண்டார். விளக்கு கடந்தபிறகுதான் நேரே பார்த்தார். அடிவாரத்தில் தேநீருக்கு நிறுத்தியபோது தனியாக அழைத்துக் கேட்டேன். "விளக்கு ஒன்று வந்தால் ஊசி ஊசியாகச் சிதறுகிறது" என்றார். எத்தனை நாளாக மாமா இப்படி என்றதற்கு வந்த பதில்தான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. "விடு மாப்பிள்ளை. ஒரு தடவை செலவு செய்தாகிவிட்டது. இதற்கு மேல் கேட்டால் நன்றாகவா இருக்கும்?"

யாரிடம் கேட்டால், யாருக்கு நன்றாக இருக்காது என்று மறுநாள் யோசித்தேன். ஆபரேஷனுக்குப் பணம் கட்டியது அவருடைய மகன். இரண்டாம் முறை கண்ணைப் பற்றிப் பேசுவது மகனிடம் மறுபடி கையேந்துவது என்று மாமா கணக்குப் போட்டிருக்கிறார். நம் வீட்டுப் பெரியவர்கள் நிறையப் பேர் இந்தக் கணக்கில்தான் இருக்கிறார்கள். முதல் நோயைச் சொல்வார்கள். அதே இடத்தில் மறுபடியும் ஏதாவது வந்தால் சொல்லமாட்டார்கள்.

மாமா கேட்ட கேள்வி

விஷயம் வெளியே வந்ததும் வீட்டில் விசாரணை தொடங்கியது. லென்ஸ் மட்டம் என்றது ஒரு கட்சி. கூடவே, விலை அதிகமுள்ள பாக்கேஜை எடுத்திருக்க வேண்டும் என்று மகனுக்கு ஒரு குத்தல். சர்க்கரை ஏறியிருக்கும் என்று மகன். சொன்ன தேதிக்கு முன்பே தலைக்கு ஊற்றிக்கொண்டதுதான் காரணம் என்று அத்தை. இதற்கிடையில் மாமா மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய சொட்டு மருந்தைக் கொஞ்ச காலமாகவே விட்டுக்கொண்டிருந்தார் என்பதும் வெளிவந்தது. கடையில் கொடுக்கும் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருக்கலாம். அதை யாரும் பார்க்காமல் மாதக்கணக்கில் விட்டால் கண் அழுத்தம் ஏறி, எந்த லேசராலும் திருப்பித் தர முடியாத பார்வையைக் கொண்டுபோய்விடும். எனக்கு அந்தப் பாட்டிலைப் பார்த்ததும்தான் பயம் வந்தது.

முதலில் ஆபரேஷன் செய்த இடத்துக்கு மாமா வரமாட்டேன் என்றார். வேறொரு கண் மருத்துவமனைக்குப் போனோம். எழுத்து படிக்க வைத்தார்கள், அழுத்தம் பார்த்தார்கள், கண்ணின் பாவை விரிய மருந்து விட்டுச் சுவரோரம் உட்கார வைத்தார்கள். சர்க்கரை இருப்பதால் விழித்திரைக்கும் ஸ்கேன். இந்தப் பகுதியைப் பலர் வீண் செலவு என்று நினைக்கிறார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு பார்வை மங்கினால் காரணம் சவ்வாகத்தான் இருக்கும் என்று கட்டாயமில்லை. சர்க்கரையால் விழித்திரையின் நடுவே நீர் கோத்திருக்கலாம், கண் அழுத்த நோய் இருக்கலாம். அதையெல்லாம் விலக்காமல் சவ்வைத் திறந்தால் மங்கல் அப்படியே இருக்கும், லேசர் மேல் பழி விழும்.

மருத்துவர் ஒரு பெண்மணி. மாமாவின் கண்ணைப் பார்த்து முடித்ததும் பக்கத்துத் திரையைத் திருப்பி எங்களிடம் காட்டினார். விழித்திரையிலிருந்து திரும்பி வரும் செம்மஞ்சள் வெளிச்சம் வட்டமாகத் தெரிந்தது. அதன் மேல் குமிழ் குமிழாக, நடுவில் நெருக்கமாகவும் ஓரத்தில் விலகியும் ஏதோ அப்பியிருந்தது. எல்ஷ்னிக் முத்துகள் என்று மருத்துவப் புத்தகங்களில் பெயர். "ஐயா, லென்ஸ் நன்றாக இருக்கிறது. அதற்குப் பின்னால் இருக்கும் சவ்வுதான் மங்கியிருக்கிறது. லேசர் வைத்தால் சரியாகிவிடும்" என்றார். அவரைப் பொறுத்தவரை பேச்சு அங்கே முடிந்தது. மாமா நாற்காலியை விட்டு எழவில்லை.

"டாக்டரம்மா, ஒன்று கேட்கலாமா? என் அம்மாவுக்கும் இந்த ஆபரேஷன்தான் செய்தார்கள். எமர்ஜென்சி சமயத்தில், பள்ளிக்கூடத்தில் நடந்த முகாமில். நாள்கணக்கில் மல்லாக்கப் படுக்க வைத்தார்கள். அதற்குப் பிறகு சாகிறவரை அவருக்குக் கண் மங்கவே இல்லை. அந்தக் காலத்தில் முகாமில் இலவசமாகச் செய்தது நின்றது. இப்போது பணம் கட்டிச் செய்தது நிற்கவில்லை. அதெப்படி?"

பின்னால் வரிசையில் நிறையப் பேர் காத்திருந்தார்கள். மருத்துவர் ஒரு நொடி கதவைப் பார்த்தார். பிறகு பேனாவை வைத்துவிட்டு, "உங்கள் அம்மா சோடாபுட்டிக் கண்ணாடி போட்டிருந்தார்களா?" என்று கேட்டார்.

"ஆமாம். கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார்."

"அப்படியானால் பையோடு எடுத்திருக்கிறார்கள். மங்குவதற்கு அங்கே ஒன்றுமே இல்லை."

என் வரையில் இந்தக் கதை முழுவதும் அந்த இடத்தில்தான் திரும்பியது. அவர் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். நம் இயற்கை லென்ஸ் ஒரு மெல்லிய பைக்குள் இருக்கிறது. அந்தக் காலத்து முகாம்களில் பையையும் சேர்த்து முழு லென்ஸையும் வெளியே இழுத்துவிடுவார்கள். 1960களிலிருந்து, லென்ஸைக் குளிரூட்டிய முனையில் உறைந்து ஒட்டவைத்து அப்படியே உருவும் முறையும் இருந்தது. கண்ணுக்குள் எதுவும் மிச்சமிருக்காது. அதனால்தான் ஏறத்தாழப் பத்து பவர் கண்ணாடியை வெளியே மாட்ட வேண்டியிருந்தது. இப்போது செய்வது வேறு. மருத்துவர் சேலத்துக்காரரிடம் சொல்ல வேண்டிய விதத்தில் சொன்னார்: மாம்பழத்தின் தோலில் மேலே வட்டமாகத் திறந்து, கொட்டையையும் சதையையும் வழித்து எடுத்துவிட்டு, தோலை மட்டும் குலையாமல் விட்டுவைப்பது. அந்தத் தோலுக்குள்தான் புது லென்ஸ் உட்காருகிறது. எவ்வளவு வழித்தாலும் தோலின் உள்விளிம்பில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். கண்ணில் அப்படி ஒட்டியிருப்பவை உயிருள்ள செல்கள். வாழ்நாள் முழுக்க லென்ஸுக்கு இழை இழையாகச் சேர்த்துக்கொண்டே இருந்தவை. லென்ஸ் போய்விட்டது என்று அவற்றுக்குத் தெரியாது. அவை பெருகி, விளிம்பிலிருந்து பின்சுவரின் மேல் ஊர்ந்து, நடுவை மூடும்போது நமக்குப் பனி இறங்குகிறது.

மாமா உடனே பிடித்துக்கொண்டார். "அப்படியானால் பையை விட்டுவைத்ததால்தான் இது வந்தது. பையை விடாவிட்டால் லென்ஸ் வைக்க முடியாது." "அவ்வளவுதான் ஐயா" என்றார் மருத்துவர்.

மாமாவின் அம்மா, அதாவது என் அம்மாயியின் பார்வை மங்கவே இல்லை என்று மாமா சொன்னதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பார்வை எப்படிப்பட்டது என்பது எனக்கும் நினைவிருக்கிறது. அந்தக் கண்ணாடி வழியே எல்லாம் கால்பங்குக்கு மேல் பெரிதாகவும் பக்கத்திலும் தெரியும். டம்ளர் இருக்கும் இடத்துக்கு இப்பாலேயே மோரை ஊற்றுவார். வாசற்படியில் காலை வேண்டிய உயரத்துக்கு மேல் தூக்கி வைப்பார். கண்ணாடியின் விளிம்பில் எதுவும் தெரியாத வளையம் ஒன்று உண்டு. பக்கவாட்டில் வரும் ஆள் திடீரென்று முளைத்ததுபோல் தெரிவார், அம்மாயி திடுக்கிடுவார். கண்ணாடியைக் கழற்றினால் எதிரே நிற்பது பேரனா தூணா என்று தெரியாது. மாமாவின் கண்ணில் வந்தது, இந்தத் தொல்லைகள் எதுவும் இல்லாத வாழ்க்கைக்குப் பின்னால் வரும் ஒரு பாக்கி.

கண்ணுக்குள் லென்ஸ் வைக்கலாம் என்று முதலில் துணிந்தவர் ஹரால்ட் ரிட்லி. 1949-ல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில். இரண்டாம் உலகப் போரில் விமானத்தின் மூடி உடைந்து விமானிகளின் கண்ணுக்குள் போன பெர்ஸ்பெக்ஸ் துண்டுகளைக் கண் பெரிதாக எதிர்க்காமல் இருந்துவிடுகிறது என்று கவனித்ததுதான் தொடக்கம். நம் பக்கத்துக்கு அது மெதுவாகத்தான் வந்தது. 1976-ல் மதுரையில் டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி பதினொரு படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியபோதும் இங்கே ஏழைக்குச் சோடாபுட்டிதான். உள்ளே வைக்கும் லென்ஸ் அன்று வெளிநாட்டுச் சரக்கு, அந்த விலைக்கு இலவச முகாமில் வைக்க முடியாது. 1992-ல் அதே மதுரையில் ஆரோலேப் லென்ஸ் தயாரிக்கத் தொடங்கியபிறகு விலை விழுந்தது. சோடாபுட்டிக் கண்ணாடி நம் தெருக்களிலிருந்து காணாமல் போனது. அதற்குப் பதிலாக மங்கும் சவ்வு வந்து சேர்ந்தது. முதலாவதைப் பற்றி எல்லோருக்கும் சொன்னோம். இரண்டாவதைப் பற்றி யாருக்கும் சொல்லவில்லை.

சூடில்லாமல் அறுப்பது

லேசர் அறையில் நடந்ததைச் சொல்ல அதிகமில்லை. மரத்துப்போகச் சொட்டு மருந்து. கருவியின் முன்னால் தாடையை வைத்து உட்காருதல். கண் மேல் ஒரு சின்னத் தொடுலென்ஸ். பிறகு டிக், டிக் என்று மெல்லிய சத்தம். வெளியே காபி வாங்கப் போன மகன் திரும்புவதற்குள் முடிந்துவிட்டது. எழுத வேண்டியது மாமா அங்கே கேட்ட இன்னொரு கேள்வி. நெருப்பில் வேலை செய்கிறவர் அல்லவா, "சூடு ஒன்றுமே தெரியவில்லையே, சுடாமல் எப்படி அறுக்கும்?" என்றார்.

நல்ல கேள்வி. லேசர் என்றாலே பொசுக்குவது என்றுதான் நம் எல்லோருடைய எண்ணமும். சவ்வைத் திறக்க வைக்கும் யாக் லேசரின் வேலை வேறு. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர், 1064 நானோமீட்டர். அது எங்கே விழுகிறது என்று மருத்துவருக்குக் காட்டச் சிவப்புப் புள்ளி ஒன்று கூடவே போகும். ஒவ்வொரு துடிப்பும் நொடியில் நூறு கோடியில் சில பங்கு நேரம்தான், அதில் ஓரிரண்டு மில்லிஜூல் ஆற்றல். மொத்தமாகப் பார்த்தால் அற்பம். ஆனால் அவ்வளவு குறுகிய நேரத்தில், அவ்வளவு சிறிய புள்ளியில் குவிவதால் அந்த இடத்தில் பொருளே சிதைந்து மின்மப் (பிளாஸ்மா) பொறியாகிறது. பொறி விரியும்போது எழும் அதிர்வு சவ்வைக் கிழிக்கிறது. அக்கம்பக்கம் சூடாவதற்கு நேரமே இல்லை. சவ்வின் தடிமன் நடுவில் நான்கு மைக்ரான்தான். ஒரு மில்லிமீட்டரை 250 பங்காக்கினால் அதில் ஒன்று. ஏற்கெனவே இழுபட்ட நிலையில் இருப்பதால் கிழித்த இடம் தானே விலகித் திறந்துகொள்கிறது. நடுவில் மூன்று நான்கு மில்லிமீட்டர் சாளரம் போதும். ஓரத்தில் மிச்சமிருக்கும் சவ்வு லென்ஸைப் பிடித்துக்கொண்டே இருக்கும், அதனால் லென்ஸ் விழுந்துவிடுமோ என்று பயப்படத் தேவையில்லை. லென்ஸில் பொத்தல் விழாமல் இருக்கக் குவியத்தைச் சவ்வுக்குச் சற்றுப் பின்னால் வைப்பார்கள், அதுதான் கைப்பழக்கம். பாரிஸில் டேனியல் ஆரோன் ரோசாவும் பெர்ன் நகரில் ஃபிரான்ஸ் ஃபங்க்ஹவுசரும் 1980 வாக்கில் இந்த வழியைத் திறந்தார்கள். அதற்கு முன் கண்ணுக்குள் ஊசியோ கத்தியோ நுழைத்துத்தான் சவ்வைக் கீறினார்கள்.

இதை நான் விளக்கியபோது மாமா, "வெட்டும் இல்லை, சுடுவதும் இல்லை, உள்ளே ஒரு சின்ன வேட்டு" என்றார். சரிதான்.

சிறிது நேரம் உட்காரவைத்து மறுபடி கண் அழுத்தம் பார்த்தார்கள். லேசருக்குப் பிறகு சில மணி நேரத்துக்கு அழுத்தம் ஏறக்கூடும். அதற்கும் வீக்கத்துக்கும் சொட்டு மருந்து கொடுத்தார்கள். விரிந்த பாவை அடங்கும்வரை வண்டி ஓட்டக் கூடாது. மறுநாள் காலை மாமா கண் முன்னால் கொசு பறக்கிறது என்று கையால் விரட்டிக்கொண்டிருந்தார். கிழிந்த சவ்வின் துணுக்குகள் மிதப்பதுதான் அது. நாளாக ஆகக் குறைந்துபோனது. மின்னல் வெட்டுவதுபோல் தெரிந்தாலோ, புள்ளிகள் கொட்டினாலோ, ஓரத்திலிருந்து திரை இறங்கினாலோ உடனே வரச் சொல்லியிருந்தார்கள். விழித்திரை பிரிவது அபூர்வம்தான், ஆனாலும் உண்டு, கிட்டப்பார்வை அதிகமுள்ளவர்களுக்கு வாய்ப்புக் கூடுதல். மாமாவுக்கு அப்படி எதுவும் வரவில்லை. அன்று மாலையே நோட்டை வீசிவிட்டுப் பற்றவைக்க உட்கார்ந்துவிட்டார். அந்த வேலையைப் பழகியிருந்த பையனுக்குத்தான் முகம் வாடிவிட்டது.

ஒரு வாக்கியம்

இப்போது என் சண்டைக்கு வருகிறேன். முதல் ஆபரேஷன் முடிந்தபோது கொடுத்த காகிதத்தைத் தேடி எடுத்துப் பார்த்தேன். தலைக்கு ஊற்றாதே, குனியாதே, பாரம் தூக்காதே, அடுப்படிப் புகையில் நிற்காதே, இந்தச் சொட்டு இத்தனை நாள், அந்தச் சொட்டு அத்தனை நாள். இரண்டு பக்கம். "சில மாதங்களோ ஆண்டுகளோ கழித்துப் பார்வை மறுபடி மங்கினால் வாருங்கள், அதைச் சரிசெய்யலாம்" என்ற ஒரு வாக்கியம் இல்லை. இது எங்கோ ஒருவருக்கு வரும் விபத்து என்றால் விட்டுவிடலாம். 1998-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, ஆபரேஷன் முடிந்த ஒரு வருடத்தில் சுமார் 12 சதவீதம் கண்களிலும், ஐந்து வருடத்தில் சுமார் 28 சதவீதம் கண்களிலும் இந்த மங்கல் வந்ததாகச் சொல்கிறது. விளிம்பைச் சதுரமாக வெட்டிய லென்ஸ்கள் வந்தபின் இது குறைந்திருக்கிறது. அந்தக் கூரிய விளிம்பு செல்கள் நடுவுக்கு ஊர்ந்து வருவதைத் தடுக்கிறது. அந்த அளவில், லென்ஸைக் குறை சொல்லும் பந்திக்காரருக்கும் அரைக்கால் மதிப்பெண் கொடுக்கலாம். குறைந்திருக்கிறதே தவிர, நின்றுவிடவில்லை.

ஏன் சொல்வதில்லை? கேட்டுப் பார்த்ததில் எனக்குக் கிடைத்த பதில், முன்கூட்டிச் சொன்னால் பயந்து ஆபரேஷனுக்கே வரமாட்டார்கள் என்பது. இந்த ஊர் மனிதர்களைப் பற்றி அப்படி நினைப்பது எனக்கு ஏற்கவில்லை. பூட்டிய பட்டறையில் நெருப்பும் அமிலமும் வைத்துப் பிழைக்கிறவர்கள் இவர்கள். எதிர்பார்க்கச் சொன்ன தொல்லைக்குப் பயப்பட மாட்டார்கள். சொல்லாமல் வந்த தொல்லையைத்தான் மோசடி என்பார்கள். மருத்துவருக்கு இது ஐந்து நிமிட வேலை, அதனால் சொல்லும் அளவுக்குப் பெரிதாகத் தெரிவதில்லை. மாமாவுக்கோ அந்த ஐந்து நிமிடம் தெரியாததால், பட்டறையில் தன் இடத்தையே விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது.

சேலத்திலேயே இப்படி என்றால், சேர்வராயன் மலையின் உள்கிராமங்களில் இருப்பவர்களை நினைத்துப் பார்க்கிறேன். முகாம் வண்டி வந்து அழைத்துப் போய், ஆபரேஷன் செய்து, திரும்பக் கொண்டுவந்து விட்டிருக்கும். அதன் பிறகு மங்கினால் அவராகக் கீழே வர வேண்டும். துணைக்கு வருகிறவருக்குக் காப்பித் தோட்டத்தில் ஒருநாள் கூலி போகும். பாவையை விரித்துவிட்டால் தனியாகப் பஸ் ஏற முடியாது. அரசு மருத்துவமனையில் கட்டணம் இல்லை என்பது அவருக்குத் தெரிந்தாலும், அங்கே கேட்பதற்கு என்ன இருக்கிறது என்பது தெரியாது. அதுவோ உண்மையிலேயே பனி இறங்கும் ஊர். கேட்டால், பனி என்றே சொல்லிவிடலாம்.

மறுபக்கமும் ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். எளிது என்பதற்காகக் கண்டவுடன் லேசர் வைக்கும் அவசரம் கூடாது. ஆபரேஷன் முடிந்து சில மாதமாவது ஆக வேண்டும். சவ்வு லேசாக மங்கியிருந்து அன்றாட வேலைக்குத் தடையில்லை என்றால் விட்டுவைக்கலாம். குறிப்பாக, பல தூரத்துக்கும் தெரியும் விலை கூடிய லென்ஸ் வைத்துக்கொண்டு அது ஒத்துவரவில்லை என்று சொல்பவர்கள், குறை லென்ஸிலா சவ்விலா என்று முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டும். சவ்வைத் திறந்தபின் லென்ஸை மாற்றுவது கடினமாகிவிடும். திறந்ததைத் திரும்ப ஒட்ட முடியாது.

மாமாவின் இடது கண்ணில் புரை இன்னும் இருக்கிறது. சென்ற மாதம் அதற்கு நாள் குறிக்கப் போனோம். ஆலோசனை மேசையில் இருந்த பெண், மூன்று நான்கு பாக்கேஜ் அச்சிட்ட அட்டையை விரித்து, விலை வாரியாக விளக்கினார். மாமா கடைசிவரை குறுக்கிடாமல் கேட்டார். "லென்ஸ் விளிம்பு சதுரமா?" என்பது முதல் கேள்வி. அந்தப் பெண் உள்ளே போய்க் கேட்டு வந்து ஆமாம் என்றார். "பின்னால் சவ்வு மங்கினால் லேசருக்குத் தனியாகப் பணமா, இதிலேயே சேர்த்தியா?" தனியாகத்தான் என்றார். "எவ்வளவு?" அதற்கும் உள்ளே போய் வந்தார். மாமா அட்டையைத் திருப்பி அவர் பக்கம் தள்ளி, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினார். "அதையும் இதிலேயே எழுதிக் கொடு சாமி. பையன் கேட்டால் காட்ட வேண்டும்."